பதினொன்றாவது காற்று

தென் துருவத்தில் மனிதன் முதலில் கால் வைத்தது எப்போது என்று தேதியக்காவிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு, டிசம்பர் பதினாலு" என்பாள். பெர்லின் சுவர் திறந்தது? எண்பத்தொன்பது, நவம்பர் ஒன்பது. வால்நட்சத்திரம் திரும்பி வரும் என்று சொன்ன ஹாலி? ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டில் செத்தார், வால்நட்சத்திரம் ஐம்பத்தெட்டில் வந்தது, பாவம் மனுஷன் பார்க்கவில்லை. இத்தனையும் சொல்லுவாள். காலையில் என்ன சாப்பிட்டே என்று கேட்டால் மட்டும் முழிப்பாள். இரண்டு வருஷமாக அப்படித்தான் இருந்தாள்.

அவள் வேலையே அதுதான். வருஷா வருஷம் தலையணை கனத்துக்கு ஒரு பொது அறிவுப் புத்தகம் வருமே, போர்கள், கண்டுபிடிப்புகள், மாமனிதர்கள் என்று பரீட்சைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கு, அதைத் தொகுப்பவள். ஆபீஸ் இரண்டாவது மாடியில், மொத்தம் ஒன்பது பேர். 'தேதியக்கா' என்று பேர் வைத்தது பிழை திருத்துகிற பெரியவர். அவருக்கு மற்றவர்கள் வைத்த பேர் 'பிழையண்ணன்'. கணக்கு நேராகிவிட்டது என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு ரகசியம் உண்டு. தேதிக்குச் சொந்தக்காரன் கிடையாது. தென் துருவத்துக்குப் போன வருஷத்தை நானும் போடலாம், நீங்களும் போடலாம். அதனால் ஒருத்தர் நம் புத்தகத்தை அப்படியே காப்பியடித்தாலும், "நானும் அதே லைப்ரரியிலதான் சார் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு ஹாயாகப் போய்விடுவார். அப்படிப்பட்ட ஆசாமியைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஒவ்வொரு பதிப்பிலும் எங்கேயாவது ஒரு பொய் ஆளைச் செருகி வைப்பார்கள். உலகத்தில் இருந்தே இராத ஒரு மாமனிதர். பிறந்த தேதி, சாதனை, இறந்த தேதி, எல்லாம் ஏழு வரியில். அந்த ஆள் அடுத்தவர் புத்தகத்திலும் முளைத்தால், திருடியாச்சு என்று அர்த்தம். ஆபீஸில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்று பேர். பேச்சு மட்டும் இருக்கும், கடைசி வரைக்கும் யாரும் நேரில் பார்த்திருக்க மாட்டார்களே, அதனால். "இந்த வருஷம் மாப்பிள்ளை எந்தப் பக்கத்துல உக்காந்திருக்காரு?" என்று முதலாளி கேட்பார். "சொல்ல மாட்டேன் சார்" என்பாள் தேதியக்கா. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆனால் பொய் என்று பின்னால் சொன்னால் எவன் நம்புவான்? அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவள் ஒரு தாளில் தன் கையால் எழுதுவாள்: இன்ன பக்கத்தில் இருக்கும் இன்னாரை நான் கற்பனையாக உருவாக்கினேன், இப்படி ஒருவர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை உறையில் போட்டு ஒட்டி, சொந்த ஆபீஸ் விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்புவாள். தேதி முத்திரையோடு திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் முதலாளியின் பீரோவில் பூட்டி வைப்பார்கள். பதினான்கு வருஷத்தில் ஒரு உறையைக்கூடப் பிரிக்க வேண்டி வந்ததில்லை.

இந்த வருஷம் வந்தது. திருடியவர் வேறு யாருமில்லை, அதே கட்டடத்தில் நாலாவது மாடிக்காரர். பத்து வருஷம் இங்கேயே குப்பை கொட்டிவிட்டு, கோபித்துக்கொண்டு போய் மேலே கடை போட்டவர். லிப்டில் பார்த்தால், "என்ன தேதியக்கா, சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டுவார். அவருடைய புதுப் புத்தகத்தை வாங்கிவந்து புரட்டியவள், நூற்றுத்தொண்ணூறாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். ஏழு வரி, கமா புள்ளி மாறாமல் இருந்தது. போய் முதலாளியிடம், "மாப்பிள்ளை மாடிக்குப் போயிட்டாரு சார்" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளி குதித்தார் பாருங்கள், அந்த உடம்பை வைத்துக்கொண்டு! "மாட்டினான்டா மகனே!" என்று மேஜையைத் தட்டியதில் தண்ணீர் பாட்டில் உருண்டது. பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டில் ஒரு புத்தகத்தைத்தான் எடுக்கப்போகிறார்கள், நாலாவது மாடிக்காரர் விலை குறைவு. அது கை நழுவினால் இந்த ஆபீஸை இழுத்து மூட வேண்டியதுதான். ஒன்பது பேரும் நடுத்தெருவில் நிற்க வேண்டும். பிழையண்ணனுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இனிமேல் யார் வேலை கொடுப்பார்கள்? பதிப்பாளர் சங்கத்தில் புகார் போனது. விசாரணை செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. "உறையைப் பிரிச்சுக் காட்டினா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது" என்று முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பிழையண்ணன் மட்டும், "அந்த ஆளா பொய்யி? அடடா! நான் புரூப் பார்க்கும்போதே நல்ல மனுஷனா இருக்காரேன்னு நினைச்சேன்" என்று வருத்தப்பட்டார்.

தேதியக்கா டீயைக் குடித்தாள். உறைக்குள் வெறும் வெள்ளைத்தாள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருவோம், இதற்கு மேல் சுற்றி வளைத்தால் எனக்கே பொறுக்காது. அவளுக்கு ஒரு பையன் இருந்தான். எட்டு வயது, மூக்கில் நிற்காத கண்ணாடி, ஓயாத வாய். "மலைக்குப் பேர் இருக்கு, ஆத்துக்குப் பேர் இருக்கு, காத்துக்கு யாரும்மா பேர் வைக்கிறது?" என்று ஒருநாள் கேட்டான். ஏதோ ஒரு நூற்றாண்டில் மூழ்கியிருந்தவள், "யாரும் இல்லடா, போ" என்று சொல்லிவிட்டாள். "அப்ப நான் வைக்கிறேன்" என்று நோட்டு எடுத்தான். பதினொரு காற்று. பத்துக்குப் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பதினொன்றாவதைக் கேட்டால், "அது சஸ்பென்ஸ்" என்பான்.

காய்ச்சல் நாலே நாளில் கொண்டுபோய்விட்டது. டாக்டர் வெளியே வந்து சொன்னபோது அவள் தலைக்குள் ஓடியது என்ன தெரியுமா? 'பெனிசிலின், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு.' வேறொன்றும் ஓடவில்லை. புருஷன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அவள் ஆஸ்பத்திரிப் பாரங்களில் கையெழுத்துப் போட்டாள். "பெத்தவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று அக்கம்பக்கம் வாயில் போட்டு மென்றது. விட மாட்டேன் என்று அவள் சபதமா செய்தாள்? வரவில்லை, அவ்வளவுதான். கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். மாப்பிள்ளையை உட்கார வைக்க வேண்டிய நேரம். முழுக்க முழுக்கப் பொய்யாக இருக்க வேண்டும், உண்மை ஒரு சொட்டுக்கூடக் கலக்கக்கூடாது என்பதுதான் சட்டம். அவள் பையன் பிறந்த அக்டோபர் பதினேழை எடுத்து, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலைப் பக்கத்தில் போட்டாள். தீவு தீவாகச் சுற்றிப் பதினொரு காற்றுகளுக்குப் பெயர் சூட்டியவர் என்று எழுதினாள். உதாரணத்துக்குப் பையன் வைத்த பேரில் மூன்றைப் போட்டாள். எண்பத்து நாலு வயது கொடுத்தாள். பிறகு தாளை எடுத்து, 'இப்படி ஒருவர் எந்தக் காலத்திலும்' வரைக்கும் எழுதினாள். அதற்கு மேல் கை போகவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு வெற்றுத் தாளை மடித்து உறையில் வைத்து ஒட்டி, தபாலாபீசில் வரிசையில் நின்று அனுப்பினாள். அப்போது பெரிய தப்பாகவும் தோன்றவில்லை. எதுவுமே எதுவாகவும் தோன்றாத நாட்கள்.

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சொல்லிவிட்டாள். "சார், அந்த உறையில ஒண்ணும் இல்ல. வெறும் தாள்."

முதலாளி சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "வெளையாடாதம்மா."

"வெளையாடல சார். அந்த ஆள் பொய்யின்னு என்னால எழுத முடியல."

"ஏம்மா? பதினாலு வருஷமா எழுதறியே! ஒரு வரி! ஒன்பது பேர் சோத்துல மண்ணு விழுமே, தெரியுமா உனக்கு?" கத்தினார். பிறகு, "ஏன் எழுத முடியல?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் அக்டோபர் பதினேழு யார் பிறந்த நாள் என்று சொன்னாள். முதலாளி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக ஆபீஸில் யாரும் அந்தப் பையனைப் பற்றி வாய் திறந்ததில்லை. மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

"வேற ஒண்ணு இருக்கு சார்" என்றாள். "அந்தக் காத்துப் பேரெல்லாம் அவன் நோட்டுல இருக்கு. டீச்சர் சிவப்பு மையில கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டிருப்பாங்க. நாம அச்சடிக்கிறதுக்கு ஏழு மாசம் முந்தின தேதி."

"எங்க இருக்கு நோட்டு?"

"அவர்கிட்ட."

அவர் என்றால் புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பையனுக்குக் கண்ணாடி செய்து கொடுத்ததும் அவர்தான். பையனுடைய சாமான்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் போட்டுக்கொண்டார். தினமும் கடைக்குப் போகும்முன் அலமாரியைத் திறந்து ஐந்து நிமிஷம் நிற்பார். அவள் அந்த ஐந்து நிமிஷமும் சமையலறையில் இருப்பாள். இரண்டு வருஷத்தில் அவள் சாவியைக் கேட்டதில்லை, அவர் கொடுத்ததுமில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷனில் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

மத்தியானமே கடைக்குப் போனாள். அவர் மெஷினை நிறுத்தினார். அவள் புத்தகத்தை விரித்து ஏழு வரியையும் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். தேதியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது.

"எண்பத்து நாலு வயசு குடுத்திருக்கே" என்றார்.

"ம்."

"கல்யாணம்?"

"ஆச்சு. ரெண்டு குழந்தைங்க. நாலாவது வரியில இருக்கு."

"எப்படி... எப்படிப் போனாரு?"

"தூக்கத்துல."

அவர் கடைசி வரி வரைக்கும் போய், மறுபடி முதல் வரிக்கு வந்தார். "கண்ணாடி போட்டிருந்தார்னு போடலியே."

"எடமில்லங்க. ஏழு வரிதான்."

பிறகுதான் விசாரணையைச் சொன்னாள், ஒன்பது பேர் வேலை போகும் என்பதையும் சொன்னாள், நோட்டைக் கேட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. "நாலு பேர் கைபட அதைக் கொண்டுபோய்ப் போடணுமா? அவன் சாமான்டி அது! சாட்சியா?" என்று தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸை மேஜையில் போட்டார். அவள் எதிரே தொங்கிய, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு நின்றாள். கடைசி வரி தெரியவில்லை. லென்ஸைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு அவரே, "பிழையண்ணனுக்கு எந்தக் கண்ணு போயிருக்கு?" என்று கேட்டார். "வலது" என்றாள். "சரி, நாளைக்கு நானே கொண்டுவரேன். உள்ள வர மாட்டேன். என்னால கேக்க முடியாது."

செவ்வாய்க்கிழமை, சங்கத்துக் கட்டடம். நீள மேஜை, தடதடக்கும் மின்விசிறி, மூலையில் டைப் அடிக்கிற பெண். நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி, இருமலுக்கு நடுவில் பேசுகிறவர். நாலாவது மாடிக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் கட்சி என்னவென்றால், அந்தக் காற்றுப் பெரியவர் பற்றி ஏதோ ஒரு வெளிநாட்டு நூலகத்தில், ஒரு பழைய மாலுமியின் நாட்குறிப்பில் தானே நேரில் படித்தாராம். நாட்குறிப்பு எங்கே என்றால், நூலகம் எரிந்துபோய்விட்டதாம். எவ்வளவு வசதியாக எரிந்திருக்கிறது பாருங்கள்! நம் காதில் பூ சுற்ற அந்த ஆளுக்குச் சொல்லியா தர வேண்டும்.

உறையைப் பிரித்தார்கள். வெற்றுத் தாள். நாலாவது மாடிக்காரர் முகத்தில் பல்ப் எரிந்தது. "பார்த்தீங்களா ஐயா? இவங்க சொல்ற பொய்க்கு ஆதாரமே கிடையாது. இருந்த மனுஷரை இல்லைன்னு சொல்றாங்க!"

தேதியக்கா எழுந்து, கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றிய நோட்டை மேஜைமேல் வைத்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புருஷன் கையிலிருந்து ஐந்து நிமிஷம் முன்னால்தான் வாங்கியிருந்தாள். இன்னும் பிரிக்கவில்லை.

நடுவர் பிரித்தார். டீச்சரின் சிவப்புக் கையெழுத்தையும் தேதியையும் பார்த்து, ஏழு வரியில் இருந்த மூன்று காற்றுப் பேரையும் நோட்டோடு ஒப்பிட்டார். "இது யார் எழுதினது?"

"என் பையன்."

"கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கலாமா?"

"முடியாதுங்க."

"ஏன்?"

"செத்துட்டான்."

இந்த வார்த்தையை இரண்டு வருஷத்தில் அவள் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. வாயிலிருந்து அது சாதாரணமாகத்தான் வந்தது, பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல. டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நடுவர் இருமவும் மறந்தார். "அப்போ புத்தகத்துல இருக்கிற அந்தப் பெரியவர்?" என்று கேட்டார். கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"அப்படி யாரும் கிடையாது" என்றாள். "எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல." அன்றைக்குக் கை எழுத மறுத்த வரி. டைப் மறுபடி ஓடி, அதைப் பதிவில் ஏற்றியது.

ஆவணம் என்றால் முழுவதும் வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பது சங்கத்து முறை. தீர்ப்பு வாசித்துப் பழகிய அந்தக் கனத்த குரலில் நடுவர் வாசித்தார்.

"ஒன்று. துணி திருடி. கொடியில இருக்கிற துணியத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுல போடும். ஒரு தடவை அப்பா டிராயரைப் போட்டுச்சு."

டைப் அடிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி சிரித்தார். நாலாவது மாடிக்காரர்கூட, தன் தலைமேல் கத்தி தொங்குவதை மறந்து, குபீரென்று சிரித்துவிட்டார்.

"இரண்டு. சோம்பேறி. திரைச்சீலை வரைக்கும் வரும், உள்ள வராது. மூணு. கதவறைஞ்சான். கோவமே இல்லாம கதவை அறையும். நாலு. பரீட்சைக் காத்து. தெரியாத பக்கத்தை மட்டும் திருப்பும்..." வாசித்துக்கொண்டே போனார். "ஆறு. அப்பா காத்து. கண்ணாடி துடைக்க ஊதும்போது வரும். டீ வாசனை அடிக்கும்." எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். ஏழு, எட்டு, ஒன்பது, அவளும் உதட்டுக்குள் கூடவே சொன்னாள். "பத்து. அம்மா காத்து. அம்மா படிச்சிட்டே தலைய ஆட்டும்போது வரும். கூப்பிட்டா நின்னுடும்."

நடுவர் பக்கத்தைத் திருப்பினார்.

"பதினொன்று. இது இன்னும் வரல. வந்ததும் பேர் வைப்பேன்."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நடுவர் நோட்டை மூடி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிறகு நாலாவது மாடிக்காரரைப் பார்த்து, "அந்த மாலுமி நாட்குறிப்பிலயும் துணி திருடின்னுதான் இருந்ததா?" என்று கேட்டார். அந்த ஆள் தலையைக் குனிந்தவர்தான், நிமிரவில்லை. புத்தகத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுப்பதாக எழுதிக் கொடுத்தார். முதலாளி தேதியக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நோட்டு ஒரு மாதம் சங்கத்தில் இருக்கும், அப்புறம் கிடைக்கும் என்று ரசீது கொடுத்தார்கள். அடுத்த பதிப்பில் அந்த ஏழு வரியை எடுத்துவிட வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தாள். புருஷன் பெஞ்சிலிருந்து எழுந்து, அவள் கையில் நோட்டு இல்லாததைப் பார்த்தார். அவள் ரசீதையும் மஞ்சள் துணியையும் கொடுத்தாள். ஜெயித்தோமா தோற்றோமா என்று அவர் கேட்கவில்லை.

"படிச்சாங்களா?"

"ம். பூராவும்."

"யாராவது சிரிச்சாங்களா?"

"துணி திருடிக்குச் சிரிச்சாங்க. எல்லாரும். நாலாவது மாடிக்காரர்கூட."

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பரிசு வாங்கிய பிள்ளையின் அப்பா முகம். "சிரிப்பாங்கன்னு அவன் அப்பவே சொன்னான்" என்றார்.

இரண்டு பேரும் படி இறங்கினார்கள். பாதி இறங்கியதும் அவள் நின்றாள். "பதினொண்ணாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தினமும்தான் படிக்கிறேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

படிக்கட்டு ஜன்னல் திறந்திருந்தது. அதன் கதவு தானாக ஆடி, கொக்கியில் இடித்து நின்றது. அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். முதலில் தோள்தான் குலுங்கியது, என்னவென்று அவளுக்கே புரியவில்லை. அப்புறம் சத்தம் வந்தது, இரண்டு வருஷத்துச் சத்தம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள் துணியை நீட்டினார்.

"பேர் வைக்காமலே போயிட்டானேங்க" என்றாள்.